கண்ணை மூடிக்கினு மாத்து

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியின் சர்வர் ரூம் ஏசி நின்றுபோயிருந்தது. உள் யூனிட்டில் இ6 என்று மின்னியது. உள்ளே இருக்கும் யூனிட்டும் வெளியே இருக்கும் யூனிட்டும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று அர்த்தம். ஏன் பேசவில்லை என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

நான் எபினேசர். கவரைப்பேட்டையில் தனியாக ஏசி வேலை செய்கிறேன். "மத்தியானத்துக்குள்ள இத ஓட வெச்சிடுங்க. கம்பெனியில இருக்கிற இருபத்தாறு ஏசியும் வருஷம் பூரா நீங்கதான் பாக்கப் போறீங்க" என்று மேனேஜர் பூவராகவன் சொல்லியிருந்தார். ஒற்றை ஏசிக்காக ஊர் ஊராகப் பைக்கில் அலைகிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நான் ஐடிஐ பக்கம் போனதில்லை. எனக்கு வாத்தியார் வாட்ஸ்அப் குரூப்தான். திருவள்ளூரிலிருந்து ஆரணி வரை நானூறு மெக்கானிக்குகள். போட்டோ எடுத்துப் போட்டு, என்ன செய்யலாம் என்று எழுதிக் கேட்டேன். முதலில் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் வந்தது. அப்புறம் ஒரு பைபிள் வசனம். 'கேஸ் பாரு' என்றான் ஒருத்தன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு! 'கால் பண்ணு தல' என்று போட்ட அன்புராஜ், ஆறு தடவை அடித்தும் எடுக்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொன்றரை மணிக்கு, குரூப்பில் இருக்கும் ஒரே பெண் மெக்கானிக்கான அத்திப்பட்டு ஷைனி ஒரு வாய்ஸ் அனுப்பினாள். பல பேர் கை மாறி வந்தது என்ற குறி அதில் இருந்தது. பூவராகவன் பக்கத்தில் நிற்க, ஸ்பீக்கரில் போட்டேன்.

"இ6-ஆ? யோசிக்கவே யோசிக்காத நைனா. வெளி யூனிட் போர்டுதான். கண்ணை மூடிக்கினு மாத்து. மாத்திட்டுதான் பேசிக்கினு கீறேன், ஜம்முனு ஓடுது!"

அது என் குரல்.

போன வருஷம் செவ்வாப்பேட்டையில் ஒரு வீட்டில் வெளி யூனிட்டின் சர்க்யூட் போர்டை மாற்றி, ஏசி ஓடிய பத்தாவது நிமிஷத்தில் குஷியாகப் பேசியது. நாலாம் நாள் அது மறுபடி நின்றுவிட்டது. வேறு ஆள் வந்து சரி செய்தான். என்ன கோளாறு என்று நான் கேட்கவே இல்லை. ஓடின ஏசிக்குத்தான் எங்கள் குரூப்பில் வாய்ஸ் போடுவோம். நின்ற ஏசிக்கு ஒருத்தனும் வாய் திறக்கமாட்டான்.

கீழே ஷைனி எழுதியிருந்தாள்: 'இத நம்பி ரெண்டு போர்டு மாத்துனேன்ணா. ஒண்ணும் வேலைக்கு ஆவல. ரெண்டு ஊட்லயும் திட்டு. எவன் பேசுனதுன்னு தெரிஞ்சா சொல்லுங்க.'

எனக்குக் கூசிப்போனது.

"பாத்தீங்களா, இவரு எவ்ளோ தெளிவா சொல்றாரு?" என்றார் பூவராகவன். "நீங்க காலையில இருந்து 'பாக்கலாம், இருக்கலாம்'னே சொல்லிக்கினு இருக்கீங்க. இவரு நம்பர் வாங்கிக் குடுங்க. இருபத்தாறு ஏசியும் இவருக்கே குடுத்துடறேன்."

போர்டை மாற்றினால் நாலு நாள் ஓடினாலும் ஓடும். அதற்குள் கையெழுத்து வாங்கிவிடலாம்தான். ஆனால் மனசு வரவில்லை.

"அந்த ஆளுக்கு வேலை தெரியாது சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது நான்தான் சார்."

அவர் சிரித்துவிட்டார். "பொறாமை வேணாம் எபினேசர். அவரு குரல்ல இருக்கிற தைரியம் உங்ககிட்ட எங்க இருக்கு?" என்று சொல்லிவிட்டு வேறு யாருக்கோ போன் போட்டுக்கொண்டே வெளியே போனார்.

ஷைனியைக் கூப்பிட்டு, அதில் பேசியது நான்தான் என்று சொன்னேன். அவள் உடனே நம்பினாள். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். போனை வைக்காமல் கேட்டுக்கொண்டேன்.