லயத்து ஏற்றம்

பெற்றோல் விலை மறுபடியும் ஏறிய மாதம் பதுர்தீன் பெரிய கஞ்சனாகிப் போனான். அதற்கு முன்னும் அவன் ஊதாரியில்லைதான். ஆனாலும் இந்தத் தடவை கொஞ்சம் கூடிப்போனது. நாலந்தாவில் இருக்கும் மைத்துனி வீட்டுப் பயணம் நின்றது. பள்ளிவாசலுக்கு நடை. இரத்தோட்டைச் சந்தியில் ஆளுக்காகக் காத்து நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, ஓட்டோவைக் கையாலேயே தள்ளித் தள்ளி வரிசையில் முன்னுக்குக் கொண்டுபோனான். இறக்கங்களில் எஞ்சினையே போடுவதில்லை.

“இன்னும் கொஞ்ச நாள்ல என்னையும் எறங்கித் தள்ளச் சொல்லுவீங்க போல,” என்றாள் அவன் மனைவி ஸக்கியா.

பதுர்தீனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மனம் முழுக்க ஓர் ஏற்றம்தான் இருந்தது.

தினமும் ஆறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்குவது அவன் பிழைப்பு. ஐந்து பேர் பெரிய ரோட்டிலேயே நிற்பார்கள். ஆறாவது பிள்ளை ஜெனிஸ்டா, இரண்டாம் வகுப்பு. அவள் வீடு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருந்தது. பாலத்தடியில் திரும்பி முக்கால் கிலோமீற்றர் செங்குத்தாக ஏற வேண்டும். முதலாம் கியரை விட்டு மாற்றவே முடியாது. ஒரு பிள்ளைக்காகக் காலையில் ஒரு தரம், பகலில் ஒரு தரம் அந்த ஏற்றம் பெற்றோலைக் குடித்துக்கொண்டிருந்தது.

மற்ற ஓட்டோக்காரர்கள் பெற்றோரிடம் விஷயத்தைச் சொல்லி மாதக் கூலியைக் கூட்டிவிட்டார்கள். பதுர்தீனுக்கு அது வாயில் வராது. கேட்க நினைத்தாலே கழுத்து வேர்க்கும். ‘பதுர்தீன் நானாவும் இப்படித்தானா’ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நல்லவன் என்ற பேரும் இருக்க வேண்டும், பெற்றோலும் மிஞ்ச வேண்டும். இரண்டுக்கும் தோதாக அவனுக்கு ஒரு பொய் கிடைத்தது.

“தங்கச்சி, இந்த மழைக்கு ரோடு பழுதாப் போச்சு,” என்று ஜெனிஸ்டாவின் தாய் ஜோசப்பினிடம் சொன்னான். “குழியில விழுந்து விழுந்து ஓட்டோ ஒடையப் பாக்குது. ரோடு சரியாகுற வரைக்கும் மகள பாலத்தடிக்கு அனுப்புறீங்களா?”

குழிகள் இருந்தது உண்மை. நாலைந்து இருக்கும். எல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு வளைத்து ஓட்டிப் பழகிய குழிகள்.

ஜோசப்பின் கொழுந்துக்கூடையோடு வேலைக்குப் புறப்பட்டு நின்றாள். முகம் வாடிவிட்டது. “எங்களால உங்களுக்கு எவ்வளவு கரச்சல் நானா. இவ்வளவு நாளா ஒரு வார்த்த சொல்லாம ஏறி வந்திருக்கீங்களே. மனசுல வச்சிக்காதீங்க.”

பொய் சொன்னவனிடம் பொய் கேட்டவள் மன்னிப்புக் கேட்டாள். அந்த இடத்திலேயே அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிள்ளையை ஏற்றிக்கொண்டு, எஞ்சினை அணைத்து, இறக்கத்தில் சத்தமில்லாமல் உருண்டு போய்விட்டான்.

மறுநாளிலிருந்து ஜெனிஸ்டா நடந்து வந்தாள். மூன்றாம் நாள் மழை. பாதி வழியில் குடை காற்றுக்குத் திரும்பிவிட்டதாம். பிள்ளை தொப்பலாக வந்து நின்றது. ஏறி உட்கார்ந்ததும், “மாமா, கால் கடிக்குது,” என்றாள். வெள்ளைச் சொக்ஸை இறக்கிப் பார்த்தான். இரண்டு அட்டைகள் ஊதித் தொங்கின. பக்கத்துக் கடையில் சவர்க்காரத் துண்டு வாங்கித் தேய்த்து அவற்றை விழுத்தினான். இரத்தம் நிற்காமல் வடிந்து சொக்ஸ் சிவந்தது. பிள்ளை அழவில்லை. “ரோடு நல்லாயிருந்தா நீங்க மேல வந்திருப்பீங்கதானே,” என்று அவனுக்கு ஆறுதல் சொன்னது.

அன்றைக்கு முழுவதும் அவனுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்கவில்லை. பின்னால் வரும் வண்டியைப் பார்க்கிற கண்ணாடியைக்கூடக் கொஞ்சம் திருப்பி வைத்தான்.

அடுத்த புதன்கிழமை பள்ளி விட்டு வரும்போது ஜெனிஸ்டா துள்ளிக்கொண்டிருந்தாள். “மாமா, நாளைக்குப் பௌர்ணமி, போயா லீவுதானே. எங்க ரோட்ட எல்லாருமாச் சேந்து செய்யப் போறாங்க. சிரமதானம். உங்க ஓட்டோ வரணும்னு அப்பாதான் எல்லா வீட்டுக்கும் போய்ச் சொன்னாரு.”

வீட்டுக்குப் போய் ஸக்கியாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான். அவள் வெங்காயம் அரிவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள்.

“அல்லாஹ்வுக்குப் பயந்து நடங்க. காலைல போய்ச் சொல்லிட்டு வாங்க,” என்றாள். மீதி வெங்காயத்தை அரியத் தொடங்கினாள்.

போயா காலையில் பதுர்தீன் பாலத்தடியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு நடந்தே ஏறினான். இந்தத் தடவை பெற்றோலுக்காக இல்லை. ஓட்டோவில் போனால் அது ஒரு வில்லங்கமும் இல்லாமல் ஏறிவிடும். அத்தனை பேருக்கு முன்னால் அவன் பொய் அம்பலமாகிவிடும். சொல்லத்தான் போகிறோம், பிறகென்ன என்று அவனுக்கே தோன்றியது. ஆனாலும் ஓட்டோவை எடுக்கக் கை வரவில்லை.

லயமே ரோட்டில் நின்றது. ஆண்கள் கல் உடைத்தார்கள். பெண்கள் கொழுந்துச் சாக்கில் சல்லிக் கல் சுமந்து வந்து கொட்டினார்கள். ஜெனிஸ்டாவின் தகப்பன் கபிரியேல் முழங்கால்வரை சேறாக நின்று மண்வெட்டியால் குழியை நிரவினான். போயாவில் வேலைக்குப் போனால் ஒன்றரை நாள் சம்பளம் கிடைக்கும். அதை விட்டுவிட்டுத்தான் பாதிப் பேர் அங்கே நின்றார்கள்.

“நானா வந்திட்டாரு,” என்றான் கபிரியேல். “நீங்க எதுக்கு வந்தீங்க? பாத்துக்கிட்டு இருங்க, போதும்.”

பதுர்தீன் அவன் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினான். ஒரு மணி நேரம் தலை நிமிராமல் வெட்டினான். ஓட்டோப் பிடி பிடித்த கை. கொப்பளம் போட்டு உடைந்தது. எரிச்சல் அவனுக்கு இதமாக இருந்தது.

ஜோசப்பின் கோப்பையில் பாலில்லாத சாயத்தண்ணியும் கருப்பட்டித் துண்டும் கொண்டுவந்து நீட்டினாள். பக்கத்தில் யாருமில்லை. இதுதான் நேரம் என்று நினைத்தான்.

“தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும். இந்த ரோடு...”

“நானும் ஒண்ணு சொல்லணும் நானா,” என்று அவள் முந்திக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். “பெற்றோல் கூடினதும் நீங்க காசு கூட்டிக் கேப்பீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன். கேட்டிருந்தா பிள்ளைய ஓட்டோவுல இருந்து நிப்பாட்டியிருப்போம். வேற வழியில்ல. அன்னைக்கு நீங்க ரோடுன்னு சொன்னோடன எனக்குப் போன உசுரு வந்திச்சு. ரோடுன்னா கையால செஞ்சிடலாம். காசுன்னா எங்க போறது?”

பதுர்தீன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இனி உண்மையைச் சொன்னால் அது மன்னிப்புக் கேட்பதாக இருக்காது, கூலி கூட்டிக் கேட்பதாகிவிடும். அத்தோடு பிள்ளையின் ஓட்டோவும் நின்றுவிடும். இவ்வளவு பேர் சுமந்த கல்லுக்கும் அர்த்தமில்லாமல் போய்விடும். கருப்பட்டி இனித்ததா என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

“என்னமோ சொல்ல வந்தீங்களே,” என்றாள் ஜோசப்பின்.

“ஒண்ணுமில்ல தங்கச்சி. இன்னும் ரெண்டு சாக்கு சல்லி வேணும்.”

வெள்ளிக்கிழமை காலை அவன் ஓட்டோவில் ஏறி வந்தான். ரோட்டின் இரண்டு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக வைத்திருந்தார்கள். குழி ஒன்றும் இல்லை. ஆனால் குழிதான் போயிருந்தது, மேடு அப்படியே இருந்தது. அதே முதலாம் கியர், அதே முக்கல். பெற்றோல் முள் பழையபடி இறங்கியது. வேலைக்குப் புறப்பட்டு நின்றவர்கள் தாங்கள் செய்த ரோட்டில் ஓட்டோ வருவதைப் பார்த்துச் சிரித்தார்கள். பதுர்தீன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜெனிஸ்டா புதுச் சொக்ஸோடு ஏறி உட்கார்ந்தாள். முன்னுக்கு எட்டி அவன் தோளைத் தொட்டாள்.

“இப்ப ஓட்டோ லேசா ஏறுதா மாமா?”

அவன் இன்னும் திரும்பியே இருந்த கண்ணாடியைத் தொடாமல் எஞ்சினைப் போட்டான்.

“ஓம், மகள். நல்லா லேசா ஏறுது.”