ஆடி ஞாயிற்றில் எண்ணிய பற்கள்

1960ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பதினெட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, அப்போது ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி தாலுகா பூலாங்குப்பம் சேரியின் புளியமரத்தடியில் எண்பத்துமூன்று பெயர்கள் வாசிக்கப்பட்டன. நாற்பத்தாறு பிள்ளைகள் எழுந்து வந்தார்கள். முப்பத்தேழு பெயர்களுக்கு எவரும் வரவில்லை.

வாசித்தவள் அலர்மேல்மங்கை. திருப்பதியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் விரிவுரையாளர், வயது முப்பத்துநான்கு, புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். அந்தப் பெயர்களை எழுதியவளும் அவள்தான். 1956ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பன்னிரண்டாம் நாள், இதே மரத்தடியில், ஏழு முதல் பதினொரு வயது வரையுள்ள பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, ஒவ்வொரு பல்லையும் பார்த்துக் குறித்துக்கொண்டாள். அவளுடைய பேராசிரியர் சம்பத் வகுத்துக் கொடுத்த ஆய்வு அது: கிணற்று நீரில் ஃபுளூரைடு என்னும் உப்பு எவ்வளவு இருக்கிறது, அது பிள்ளைகளின் பல்லையும் எலும்பையும் என்ன செய்கிறது என்று கண்டறிவது.

சேரிக் கிணற்றில் பத்து லட்சம் பங்கு நீருக்கு ஐந்து பங்கு ஃபுளூரைடு இருந்தது. பிறந்தது முதல் அத்தகைய நீரைக் குடித்து வளரும் பிள்ளைக்குப் பல் முளைக்கும்போதே காவிப் பட்டையோடு முளைக்கும். வயது ஏற ஏற முதுகும் கழுத்தும் மரக்கட்டையாகும். இது பல நாடுகளில் ஆய்ந்து கண்ட செய்தி. ஆனால் பூலாங்குப்பத்தில் எண்பத்துமூன்று பிள்ளைகளில் முப்பத்தொன்பது பேருக்குப் பல் முல்லை மொட்டாக வெளுத்திருந்தது. பேராசிரியர் வியந்தார். அவளும் வியந்தாள். 1958இல் இருவர் பெயரிலும் ஓர் ஆய்விதழில் ஒரு கட்டுரை அச்சேறியது: இந்த அளவு ஃபுளூரைடால் மட்டும் கேடு விளையும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது, கேழ்வரகுக் கூழும் கடலையும் பிள்ளைகளைக் காக்கக்கூடும். சேரிக்காரர்கள் புதுக் கிணறு கேட்டுப் போட்ட விண்ணப்பம் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் இருந்தது. அங்கிருந்த அதிகாரி அந்தக் கட்டுரையை வரவழைத்துப் படித்து, விண்ணப்பத்தின் ஓரத்தில் ‘அவசரமில்லை’ என்று எழுதினார். அந்தச் செய்தி அவள் காதுக்கு எட்ட ஒன்றரை ஆண்டு ஆயிற்று. இம்முறை அவள் வந்தது, அதே பிள்ளைகளை மறுபடி பார்த்து ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள.

வந்த நாற்பத்தாறு பேரில் நாற்பத்துமூன்று பேருக்குப் பல் காவி. வராத முப்பத்தேழு பேரின் பழைய குறிப்பை அவள் புரட்டினாள். வெள்ளை, வெள்ளை, வெள்ளை என்று பக்கம் பக்கமாக அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்தது. ஒரே ஒருத்தி மட்டும் காவி. அவள் மணமாகிப் பலமனேருக்குப் போய்விட்டாள் என்றார்கள். மற்ற முப்பத்தாறு பேர் எங்கே என்று கேட்டாள்.

பொன்னியம்மா என்ற பதினான்கு வயதுப் பெண்தான் பதில் சொன்னாள். சிரித்தபோது உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சேரியில் எல்லாப் பெண்களுக்கும் அந்தப் பழக்கம் இருந்தது.

“அதுங்க எங்க மாமா வூட்டுப் பசங்க. கூழு ஊத்தறதுக்கு வந்துதுங்க. துன்னுட்டுப் போயிடுச்சுங்க.”

அவளுடைய தகப்பன் கருப்பன் கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தான். நாற்பத்தைந்து வயது. கழுத்து திரும்பாது, யாரையாவது பார்க்க வேண்டுமானால் காலைப் பெயர்த்து வைத்து, உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டும். அப்படித் திரும்பித்தான் பேசினான்.

“டாக்டரம்மா, அன்னைக்கு நீங்க கொண்டாந்த காயிதத்துல தாய்மொழின்னு ஒரு கட்டம் இருந்துது. பெரிய வூட்டு கோவர்த்தனன் ஐயா படிச்சுச் சொன்னாரு. தலை எண்ண வந்துக்கிறாங்கடா, தமிழ் பேசற தலை நெறைய இருந்தா ஊரு மெட்ராஸோட சேரும், கொறைஞ்சா ஆந்திராவோட நின்னுடும்னு. அதான் கூழு ஊத்த வந்த பசங்கள அனுப்பாம நிறுத்திக்கினோம். விஜயபுரத்துல என் மச்சான் பசங்களே நாலு. எல்லாத்துக்கும் இந்தச் சேரிதான்னு சொல்லிக் குடுத்தோம்.”

“பல்லப் பார்த்தேனே. அது எதுக்குன்னு நெனச்சே?”

“ஆட்டுக்கும் மாட்டுக்கும் பல்லப் பாத்துத்தானம்மா வயசு சொல்றோம். எங்க வாய்ப்பேச்ச நம்பாம, வயசு சரியான்னு பாத்துக்கினு போறீங்கன்னு நெனச்சோம்.”

யாரோ சிரித்தார்கள். கருப்பனின் மனைவி ரத்னம்மா சிரிக்கவில்லை. “ஊருக்கே ஆள் சேத்த மகராசன்,” என்றாள். “முடிஞ்சா கழுத்தத் திருப்பி அந்தக் கெணத்த ஒரு தடவ பாரு.”

வேறு ஊர்த் தண்ணீரில் வளர்ந்த பற்களைத்தான் அலர்மேல்மங்கை வெள்ளை என்று எண்ணியிருந்தாள். அவளுக்கு அவர்கள்மேல் சினம் வரவில்லை. சினம் கொள்ளும் தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த ஆகஸ்டு பன்னிரண்டு ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஆடி ஞாயிற்றில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஊர் தன் மக்களோடு மட்டும் இருக்காது என்பதைப் புத்தூரில் பிறந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் பிறந்த வீட்டிலேயே அந்த நாள்களில் அத்தை பிள்ளைகளும் சித்தி பிள்ளைகளும் பாய் போதாமல் கோணிமேல் படுத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் விடுமுறை, பிள்ளைகள் எல்லாரும் ஒருசேரக் கிடைப்பார்கள் என்பதற்காக அவளே தேர்ந்தெடுத்த நாள் அது. தாய்மொழிக் கட்டமும் ஆய்வுக்கு வேண்டியதன்று. எங்கோ மிஞ்சிய அச்சிட்ட படிவம். கட்டத்தை வெறுமையாக விடுவது ஒழுங்கன்று என்று எண்ணி, எண்பத்துமூன்று தாளிலும் ‘தமிழ்’ என்று திருத்தமாக எழுதினாள். ஆந்திர ராஜ்யத்துக்கும் சென்னைக்கும் நடுவே எந்த ஊர் யாருக்கு என்று நாடே வழக்காடிக்கொண்டிருந்த ஆண்டில், ஒருத்தி மரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு தலைக்கும் நேராகத் தமிழ் என்று எழுதினால், பார்ப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

அன்று பிற்பகல் அவள் கோவர்த்தனனைப் போய்ப் பார்த்தாள். சேரிக்கு இருநூறு கெஜ தூரத்தில் ஊர்க் கிணறு இருந்தது. அதன் நீரில் ஃபுளூரைடு அரைப் பங்குதான். புதுக் கிணறு வரும்வரை சேரியார் அதில் மொண்டுகொள்ள வழி செய்ய வேண்டும் என்று கேட்டாள். தீண்டாமையைக் குற்றமாக்கிய சட்டம் வந்து ஐந்து ஆண்டு ஆகிறது என்றும் சொன்னாள். கோவர்த்தனன் மோர் கொடுத்து உபசரித்தார். தமக்கு ஆட்சேபம் ஏதும் இல்லை என்றும், மற்றவர்களைக் கேட்க வேண்டும் என்றும், ஏப்ரல் முதல் தேதி ஊர் சென்னை ராஜ்யத்துக்கு மாறுவதால் அந்த சர்க்கார் வந்தபின் பேசிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எதிர்த்துப் பேச ஏதாவது கிடைத்திருக்கும்.

திருப்பதிக்குத் திரும்பியதும் அவள் புதிதாகக் கொண்டுவந்த நீரைச் சோதித்தாள். சாயம் கலந்த குழாயில் சிவப்பு வெளிறி மஞ்சளாயிற்று. மூன்று முறை பார்த்தாள். ஐந்து பங்குக்குச் சற்று மேலேயே இருந்தது. நாற்பத்தாறு பிள்ளைகளின் பட்டியலையும் நீரின் அளவையும் எடுத்துக்கொண்டு பேராசிரியரிடம் போனாள். நடந்ததில் ஒன்றையும் மறைக்கவில்லை, ஆடி ஞாயிற்றைக்கூட. சம்பத் பட்டியலை வாங்கிப் படித்தார். தம் பெயரும் அந்தக் கட்டுரையில் இருப்பதை அவர் ஒருமுறையும் நினைவூட்டவில்லை. அன்றே கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் ஒப்பமிட்டார்.

“வாபஸ் வாங்கறதுக்கு ஒரு கையெழுத்து போதும்மா,” என்றார். “கிணறு கெட்டதுன்னு நிலைநாட்ட ஒரு வருஷம் வேணும். நாற்பத்தாறு பேரை வச்சுப் புதுசா எழுதலாம். இதழ்க்காரங்க படிச்சுப் பார்த்து, கேள்வி கேட்டு, அச்சாகி வரணும்.”

ஏப்ரல் முதல் தேதிக்குப் பத்து வாரம் இருந்தது. ஊர் கைமாறுவதற்குள் சித்தூரில் உத்தரவு பிறந்தால் கிணறு உண்டு. பிறக்காவிட்டால், விண்ணப்பம் எந்த ஊர் அலமாரியில் எத்தனை ஆண்டு உறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

பிப்ரவரி இருபத்திரண்டாம் நாள் அவள் ரயிலேறிப் பாகாலா வழியாகச் சித்தூர் போனாள். அலுவலகத்து அதிகாரி மரியாதை தெரிந்தவர். எழுந்து நாற்காலி காட்டினார். தெலுங்கில் தொடங்கி, அவளுடைய பெயரைக் கேட்டபின் தமிழுக்கு வந்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“உங்க பேப்பரு தப்புன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. நல்லது. கிணறு தப்புன்னு இதுல எங்கம்மா இருக்கு?”

அவள் நாற்பத்தாறு பெயர் கொண்ட பட்டியலை மேசைமேல் வைத்தாள். நீரின் அளவை வைத்தாள். கருப்பனின் கழுத்தைப் பற்றிச் சொன்னாள். அதிகாரி பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே வந்தார்.

“இதுவும் உங்க கையெழுத்து. அதுவும் உங்க கையெழுத்து. அச்சுல வந்ததே தப்புன்னா, அச்சுல வராத இத நான் எப்படி நம்பறது, சொல்லுங்க.”

அவருடைய நாற்காலியில் தான் இருந்தாலும் அதையே கேட்டிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு பிழையைக் கண்டால் அடுத்த வரியையும் ஐயுறும்படி மாணவர்களுக்குப் பத்து ஆண்டுகளாகச் சொல்லிவந்தவள் அவள். திரும்பும் ரயிலில் எதிரே இருந்த பெண்ணொருத்தி கடலை உரித்துக் கொடுத்தாள். அலர்மேல்மங்கை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே திருப்பதிவரை வந்தாள்.

மார்ச்சு மாதக் கடைசியில் அவள் பூலாங்குப்பத்துக்குப் போனாள். கடிதம் எழுதினால் படிக்க அவர்கள் கோவர்த்தனனிடம்தான் போக வேண்டும். அதனால் நேரில் போனாள். கருப்பன் வீட்டு வாசலில் நின்று, கிணறு இப்போதைக்கு வராது என்றும், தான் எழுதிய கட்டுரையே அதற்குக் காரணம் என்றும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான்.

“ஊரு மெட்ராஸோட சேந்துடுச்சு இல்லம்மா?”

“வெள்ளிக்கிழமையிலிருந்து.”

“அப்ப அந்தப் பசங்க தலை ஒண்ணும் வீணாப் போவல.”

ஆம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். எல்லையை வகுத்தவர்கள் பழைய ஜனத்தொகைக் கணக்கை வைத்தே வகுத்தார்கள். அவளுடைய தாள்கள் அவர்கள் கண்ணில் பட்டதே இல்லை. பொய்யான கணக்கு ஒன்று இந்தச் சேரியிலிருந்து புறப்பட்டு இவ்வளவு செய்தது போதும் என்று அவள் எண்ணினாள்.

“அந்தக் காயிதத்த யாரும் பாக்கல, கருப்பா. அந்தப் பசங்க இல்லாட்டியும் ஊரு இப்படித்தான் போயிருக்கும்.”

கருப்பன் காலைப் பெயர்த்து வைத்து மெதுவாக மறுபுறம் திரும்பிக்கொண்டான். உள்ளிருந்து வந்த ரத்னம்மா இருவரையும் பார்த்தாள். அடுப்பில் வைக்கத் தண்ணீர் வேண்டியிருந்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சேரிக் கிணற்றுக்குப் போனாள்.

முடிவில் தீர்மானிக்கப்பட்டவை இவை. மார்ச்சு முப்பதாம் தேதி, பூலாங்குப்பம் கிணற்று விண்ணப்பம் பரிசீலிக்கப்படாமலேயே மற்றக் காகிதங்களோடு சென்னை ராஜ்யத்துக்கு அனுப்பப்பட்டது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதாக அந்த இதழ் செப்டம்பரில் இரண்டு வரி வெளியிட்டது. நாற்பத்தாறு பேரைப் பற்றிய புதுக் கட்டுரையை, எண்ணிக்கை குறைவு என்று திருப்பி அனுப்பியது. ஊர் இப்போது வேறு ராஜ்யத்தில் இருப்பதால் மூன்றாம் சுற்றுக்குப் பணமும் அனுமதியும் இல்லை என்று கல்லூரி முடிவு செய்தது. புதிய அலுவலகம், தன் ராஜ்யத்து நிறுவனம் ஒன்று புதிதாக ஆய்ந்து சான்று தந்தால் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வதாகப் பதில் எழுதியது. அப்படி எந்த நிறுவனமும் வரவில்லை. ஊர்க் கிணற்றைப் பற்றிக் கோவர்த்தனன் யாரையும் கேட்கவில்லை. சேரிக் கிணறு மூடப்படவில்லை.