கையால் முடுக்கிய நட்டு

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது இல்லை, என் அக்காவுடையது. தொலைபேசியில் அவள் அழாத குறையாகப் புலம்பிக்கொண்டிருந்தபோது, நான் கையில் கிடைத்த காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கேக்குறியாடா?"

"கேக்குறேன்க்கா."

"எழுதுறியா?"

"சேச்சே!"

அந்தச் சேச்சேயைத்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அக்கா பிசியோதெரபிஸ்ட். காலையும் மாலையும் வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையானவர்களின் கைகால்களை அசைக்கக் கற்றுக்கொடுப்பவள். அத்தான் கப்பலில் வேலை. வீட்டில் அவளும் மாமனாரும், மாமனாரின் மீன் தொட்டியும். அப்புறம் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள்.

2.

தொடக்கம் ஒன்று: 'வண்டி ஒருமுறை இருமிவிட்டு…'

வேண்டாம். கதைகளில் எல்லா வண்டியும் இருமுகிறது. அக்காவின் வண்டி இருமவில்லை.

தொடக்கம் இரண்டு: 'சாலை நடுவே திடீரென்று…'

இதுவும் வேண்டாம். அவள் சொன்னதையே போட்டுவிடுகிறேன்: "இன்ஜின் அப்படியே அமைதியாயிடும்டா. ஆனா வண்டி போய்க்கிட்டே இருக்கும். காத்து மட்டும் காதுல கேக்கும். அந்தக் கொஞ்ச தூரம் கனவுல போற மாதிரி சுகமா இருக்கும். அப்புறம்தான் ஆபீஸ் ஞாபகம் வரும்."

ஆபீஸ் ஞாபகம் வரக் காரணம் உண்டு. இன்னொரு தடவை நடுவழியில் நின்றால் மாலைச் சுற்று வேறு ஆளுக்குப் போய்விடும் என்று, அவளை வீடுகளுக்கு அனுப்பும் அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். மாலைச் சுற்றில்தான் அவளுடைய டீச்சரம்மா இருக்கிறார். பக்கவாதம் வந்தவர், இப்போதுதான் கட்டைவிரலை மடக்க ஆரம்பித்திருக்கிறார். "அந்தக் கட்டைவிரல வேற எவ கையிலயும் குடுக்க மாட்டேன்" என்பது அக்காவின் கட்சி.

(ஒரு குறிப்பு. வண்டி நிற்கும்போதெல்லாம் கெட்டுப்போவது சிடிஐ என்னும் சின்னக் கறுப்புப் பெட்டி. எப்போது பொறி பறக்க வேண்டும் என்று ப்ளக்குக்குச் சொல்வது அதுதான். புதிது மாட்டினால் வண்டி ஜம்மென்று ஓடும். கொஞ்ச நாளில் அதுவும் கருகிவிடும். இதற்குமேல் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதப்போகிறேன்.)

3.

மெக்கானிக்கின் பட்டப்பெயர் ஆணி. ஆள் ஒல்லி, தலை மட்டும் பெரிது. முதல் வரைவில் இவனைத் திருடனாக்கினேன். மட்டமான பெட்டியை மாட்டிவிட்டுப் பல்லை இளிப்பவனாக. எழுத வசதியாக இருந்தது, அதனாலேயே சந்தேகம் வந்து அடித்துவிட்டேன். நிஜ ஆணி பாவம், மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ப்ளக்கை மாற்றினான், காயிலை மாற்றினான், எர்த் வயரைச் சுரண்டிச் சுத்தம் செய்து பூட்டினான், மீட்டரை வைத்து சார்ஜைப் பார்த்தான். எல்லாம் சரி.

"வண்டில ஒரு குறையும் இல்லக்கா. அதுதான் குறை" என்றானாம்.

மூன்றாவது பெட்டி போன அன்று அவன் ஒரு கல்யாணத்தில் இருந்தான். நல்லவேளையாக அலுவலகத்துக்கு விடுமுறை, அக்கா கடைக்குத்தான் போயிருந்தாள். புதுச்சட்டையோடு பெட்டியும் மீட்டரும் எடுத்துக்கொண்டு ஓடி வந்தவன், ஸ்பானர் பையை மறந்துவிட்டான். சாலையோரத்தில் பெட்டியை மாட்டி, ஓடுகிற வண்டியில் மீட்டரை வைத்தான். முள் துள்ளிக் குதித்தது. பேட்டரி நட்டைத் தொட்டான், ஆடியது.

"அடச்சீ!" என்று தலையில் அடித்துக்கொண்டான். "எந்த வண்டி வந்தாலும் என் கை முதல்ல பேட்டரி நட்டத்தான்க்கா இறுக்கும். அப்புறந்தான் மீட்டர். என்ன செய்யுதுன்னு எனக்கே தெரியாது, கை பாட்டுக்குச் செஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் நானே சரி பண்ணிட்டு, நானே குறையத் தேடியிருக்கேன்!"

நட்டு லூசானால் பேட்டரித் தொடர்பு அடிக்கடி விட்டுப்போகும். அப்போது போக இடமில்லாத மின்சாரம் நேராகப் பெட்டிக்குள் பாயும். பெட்டி என்ன செய்யும், பாவம்?

"சரி, லூசாக்குறது யாரு?" என்று அக்கா கேட்டாள். ஆணிக்குத் தெரியவில்லை.

4.

எனக்குத் தெரிந்தது. இரண்டாம் வரைவில் மாமனாரை வில்லனாக்கினேன். மருமகள் ஊர் சுற்றுவது பிடிக்காத கிழவர். அந்த வரைவில் அவர் இருட்டில் நின்று புன்னகைக்கவும் செய்தார். சூப்பர் என்று எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். மறுநாள் அக்கா அழைத்தாள்.

மதியத்தில் அவள் கண்ணயரும் நேரம். கரண்ட் போய்விட்டது. விசிறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து தெருவே தண்ணீருக்குள் மூழ்கியது போலிருந்தது. தொட்டியில் குமிழிகள் நின்றன. மீன்கள் மெல்ல மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவள் பாதி உறக்கத்தில், அசையாமல் பார்த்துக்கொண்டே கிடந்தாள். மாமனார் செருப்பில்லாமல் கொல்லைப்பக்கம் போனார். வண்டியின் பேட்டரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று மோட்டாரின் வயரை அதில் மாட்டினார். குமிழிகள் திரும்பி வந்தன. சுவரெல்லாம் தண்ணீர் வெளிச்சம் ஆடியது.

கரண்ட் வந்ததும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போனார். அக்கா எழுந்து ஜன்னலோரம் நின்றாள். அவர் ஸ்பானரை எடுத்தார். அது வண்டிச் சட்டத்தில் பட்டு, டிங்.

அப்படியே உறைந்துபோய் வீட்டுப் பக்கம் பார்த்தார். ஸ்பானரைப் பூ மாதிரி கீழே வைத்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு, விரலாலேயே நட்டை முடுக்கினார்.

"நான் முழிச்சிடுவேன்னுடா" என்றாள் அக்கா. இரண்டாம் வரைவைக் கிழித்துப் போட்டேன்.

5.

ஒழுங்காக முடித்திருக்கலாம். தனியாக ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்தால் தீர்ந்தது. நீங்களும் அதைத்தான் நினைக்கிறீர்கள், நானும் சொன்னேன்.

"போடா. ஒரு டம்ளர் உடைஞ்சாலே, 'நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடுறேன்மா, உனக்கு எதுக்குச் சிரமம்'னு பையத் தூக்குறவரு. அவராலதான் என் வேலையே போக இருந்துச்சுன்னு தெரிஞ்சா ஒரு நிமிஷம் இருப்பாரா? இவர் இல்லாத வீட்டுல நான் யாரோட சண்ட போடுறது?"

அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. மாலையில் கிளம்புமுன் தானே ஸ்பானர் போட்டு நட்டை இறுக்கிக்கொண்டாள். வண்டி ஓடியது, டீச்சரம்மா ஆள்காட்டி விரலையும் மடக்கினார், மாலைச் சுற்று தப்பியது. எனவே கதை சுபமாக

(இந்த வாக்கியத்தை இப்படியே விடுகிறேன். இதை எழுதும்போதுதான் மறுபடி அழைப்பு வந்தது.)

விரலால் முடுக்கிய நட்டு விரலுக்கு வரவேண்டும், இல்லையா? அடுத்த முறை கரண்ட் போனபோது வரவில்லை. அவர் முட்டாள் இல்லை, அக்காவுக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார்.

6.

ஆகவே, இந்த மதியம். குமிழிகள் இல்லை. மாமனார் வெறுங்கையோடு கொல்லையிலிருந்து வந்து தொட்டியின் முன் உட்கார்ந்திருக்கிறார். அவர் கட்டிலருகே பை இருக்கிறது, ஜிப் மூடி. அக்கா கண்ணை மூடிக் கிடக்கிறாள். அவள் தூங்கவில்லை என்று அவருக்குத் தெரியும்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

"மாமா, மீனெல்லாம் மேல வருது பாருங்க. போய் பேட்டரிய எடுத்துட்டு வாங்க. திருப்பி மாட்டும்போது ஸ்பானர் போட்டு நல்லா இறுக்குங்க. நான் முழிச்சா முழிச்சிட்டுப் போறேன்."

அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அது எனக்கும் அவருக்கும்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். எத்தனை தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எழுதுகிறவனுக்குத் தம்பி என்ற சலுகைகூட இல்லை.

நான் அவர் வாயில் போட்டுப் பார்த்த எந்த வாக்கியமும் ஒட்டவில்லை. நீங்கள்தான் எழுத வேண்டும். மன்னிப்பு மட்டும் கேட்க வைத்துவிடாதீர்கள், அக்காவுக்குப் பிடிக்காது. பையை எடுக்க வைப்பதோ ஸ்பானரை எடுக்க வைப்பதோ உங்கள் பாடு. ஆனால் சீக்கிரம். கரண்ட் இன்னும் வரவில்லை, மீன்கள் மேலேயே நிற்கின்றன.