ஆர்பாத் விராகின் அப்பா ஓடிய காட்சி

1

எதெல்கா சமைத்த உருளைக்கிழங்குக் குழம்பின் புண்ணியத்தில் கிடைத்த கதை இது. லாஸ் ஏஞ்சலிஸில் என் மேல்மாடிக்காரி அவள். அவளுடைய சித்தப்பா ஆர்பாத் விராக் புடாபெஸ்டிலிருந்து வந்து ஹாலிவுட்டில் திரைக்கதை எழுதியவர்; பின்னால் தயாரிப்பாளரும் ஆனவர். நடந்ததைச் சொன்னது அவள். பேச்செல்லாம் என் கற்பனை.

1938. கொட்டும் மழையில் ஸ்டூடியோ வாசலில் ஆர்பாத்...

(வேண்டாம். இந்த ஊரில் மழையை நம்பிக் கதை தொடங்க முடியாது.)

2

பொமோனா தியேட்டரில் வெள்ளோட்டம், அதாவது வெளியீட்டுக்கு முன்னால் ஜனங்களுக்குப் போட்டுப் பார்ப்பது. அதுவரை பிறர் கதைகளுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்த ஆர்பாத், முதன்முதலாகத் தன் வாழ்க்கையிலிருந்து எழுதிய படம். மகன் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறான். அவன் மறந்துவிட்ட வால்நட் ரொட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா ரயிலோடு ஓடுகிறார். ஆர்பாதின் அப்பா அப்படித்தான் ஓடினார். பிறகு அவர் இறந்த செய்திதான் வந்தது.

திரையில் கிழவர் ஓடினார். தியேட்டரே வெடித்துச் சிரித்தது.

ஆர்பாதின் இதயம் கண்ணாடியைப்போல...

(அடித்துவிட்டேன். எதெல்கா சொன்னது இவ்வளவுதான்: தலையிலிருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.)

3

ஸ்டூடியோ முதலாளி ப்ரைஸ் அவரை வாசலிலேயே மடக்கினார்.

"அந்தக் கிழவன் ஓடுறதை வெட்டித் தூக்கிடுய்யா. அழவேண்டிய இடத்துல ஊரே சிரிக்குது."

"வெட்டவேணாம். இன்னும் ஓடவிடுவோம். ஆரம்பத்துலயே டிராம் பின்னாடி ஓடட்டும், கோழி பின்னாடி ஓடட்டும். கடைசியில ரயில் பின்னாடி."

"இத்தனை நாளா உன் இங்கிலீஷ்தான் புரியலை. இப்ப நீயே புரியலையே!"

"தயாரிப்பை என்கிட்ட விடுங்க. படம் ஓடலேன்னா நான் ஊருக்கே திரும்பிப் போயிடறேன்."

1938-இல் ஆர்பாத்தைப் போன்ற ஒரு யூதர் ஐரோப்பாவுக்குத் திரும்புவதென்றால் என்னவென்று ப்ரைஸுக்குத் தெரியும். "சரி, செய்" என்றார்.

4

வீட்டில் மனைவி பிரோஷ்கா பொரிந்து தள்ளினார்.

"மாமாவைக் கோமாளியாக்கப் போறீங்களா?"

"அவர் எப்பவுமே கோமாளிதானே! நம்ம கல்யாணத்துல மேஜைமேல ஏறி ஆடி, மேஜையோட விழுந்தாரே? நான்தான் அழுது அழுது எழுதி அவரை மகானாக்கிட்டேன். ஜனங்க சிரிச்சப்பதான் பிரோஷ்கா, எனக்கு அவர் முகம் திரும்பக் கிடைச்சுது."



(இவ்வளவு சீக்கிரம் ஒருவர் தேறுவாரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஆர்பாத் விம்மி அழுவதாக ஒரு பக்கம் எழுதினேன். மனிதர் அதில் உட்கார மறுத்துவிட்டார். தன் துக்கத்தைப் பார்த்துச் சிரித்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர் அவர்களை நம்பினார். நானாக இருந்தால் காட்சியை வெட்டியிருப்பேன்.)

5

படம் ஓடியது, நாடெங்கும் ஓடியது. அதன்பிறகு இருபது வருஷம் அவர் தயாரிப்பாளர். இதில் சந்தேகமில்லை. எனக்குத் தெரியாதது, ஓட்டங்களைச் சேர்த்தபின் நடந்த இரண்டாம் வெள்ளோட்டத்தின் கடைசி நிமிஷம்தான்.

அன்று ஆர்பாத் திரையைப் பார்க்கவில்லை, பிரோஷ்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் நகர்ந்தது. கிழவர் ரொட்டியோடு ஓடினார். அரங்கம் சிரித்தது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அடங்கியது.

பிரோஷ்கா?

"சித்தி விழுந்து விழுந்து சிரிச்சாங்க" என்றாள் எதெல்கா ஒருநாள். இன்னொரு நாள், "சித்தி எழுந்து வெளிய போயிட்டாங்க" என்றாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் உண்மைபோலவே இருக்கின்றன.

பிரோஷ்காவுக்கு இந்தப் பக்கம் ஆர்பாத். அந்தப் பக்க நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. உட்காருங்கள். திரை வெளிச்சம் பிரோஷ்காவின் முகத்தில் விழுகிறது. நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.