வெள்ளையாக இறங்கிய நாள்

1981ஆம் ஆண்டு மே மாதம் மலேசியாவின் தாப்பாவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மத்தியாஸ் வெட்டும் மரநிரையில் மட்டும் ரப்பர் பால் சிவப்பாக இறங்கியது. வேலையை மேற்பார்க்கும் தண்டல் மாயாண்டி பால் வடியும் மங்குக்குள் விரலை விட்டு முகர்ந்து, "ரத்தம் இல்லலா, பாலுதான்" என்றார். காய்ந்த ஷீட்டில் நிறம் தெரியாததால் கணக்கெழுதும் கிராணியும் ஒன்றும் சொல்லவில்லை.

முந்தின நாள்தான் ஈப்போ ஆஸ்பத்திரியில் மத்தியாஸுக்குச் சிவப்பு மருந்து ஏற்றியிருந்தார்கள். தொடையில் வெட்டியெடுத்த சதைக்கட்டி மறுபடி முளைத்து நுரையீரல்வரை போயிருந்தது. இது புது மருந்து, கேட்குமா என்றுதான் பார்க்கிறோம், மூச்சு வாங்கினால் மருந்து இதயத்தைத் தொட்டுவிட்டதென்று அர்த்தம், உடனே நிறுத்திவிடுவோம் என்றார் டாக்டர் குமரப்பன். மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி. ஒவ்வோர் ஊசிக்கும் மறுநாள் பால் சிவந்தது. அவனுக்குப் பதிலாக அந்த நிரையை வெட்டிய மனைவி ரோசரிக்கு அது பழகிப்போனது. கட்டி இரண்டு விரற்கடை குறைந்தது, முடி முழுக்கக் கொட்டியது. "வேளாங்கண்ணிக்குப் போகாமலே மொட்டை, மச்சான்" என்று மாயாண்டி சிரித்தார்.

ஐந்தாவது ஊசிக்குப் பிறகு மத்தியாஸால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினான். "டாக்டர்கிட்ட வாயத் தொறக்காத, புள்ள. நிறுத்திட்டா வேற மருந்து இல்ல" என்றான். ஆறாவது தவணைக்குப் போனபோது டாக்டர் மூச்சு வாங்குகிறதா என்று கேட்டார். "இல்லைங்கய்யா, நல்லா இருக்கேன்." முப்பது வருடமாகத் துரைமார்களுக்குச் சொல்லிப் பழகிய பதில். அவன் எக்ஸ்ரேக்குப் போன நேரம் ரோசரி, "பொய் சொல்றாரு டாக்டர், மூணு படி ஏற முடியல அவரால" என்றாள். இதயத்தை மெஷினில் பார்த்தார்கள். மருந்து நின்றது.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள், முதல்முறையாகப் பால் வெள்ளையாக இறங்கியது. லயத்து வீடுகளே திரண்டு வந்தன. "சொகமாயிடுச்சு தங்கச்சி, பாலே சொல்லுது!" என்று மாயாண்டி ஒரு சேவலைக் கொண்டுவந்து கட்டினார். மத்தியாஸ் எல்லாரிடமும், "ஆமா, நல்லா இருக்கேன்" என்றான். கூட்டம் கலைந்ததும் கேட்டான்.

"மெஷின் சொல்லுச்சா, நீ சொன்னியா?"

"நான்தான்."

அவன் நகர்ந்து, சுவரில் அவளுக்கும் இடம் விட்டான். ஒன்பது வாரம் இருவரும் அப்படியே உட்கார்ந்து தூங்கினார்கள். பத்தாவது வாரம், அடக்கம் முடிந்த மறுநாள், ரோசரி வெட்டப் போனாள். பால் வெள்ளையாகத்தான் வந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு நிறுவைக்குப் போனாள்.