வாய்க்குள் இருந்தவை

வண்டி கம்பம் ஊர் எல்லையைத் தொட்டபோது மொக்கைச்சாமியால் வாயை மூட முடியாமல் போயிருந்தது. நாக்கு மேலண்ணத்தை நோக்கித் தூக்கிக்கொண்டு நின்றது. தாடைக்கு அடியில் வீக்கம் பலகையைப் போல இறுகிக் கழுத்துவரை இறங்கியிருந்தது. படுக்க வைத்தால் மூச்சு முட்டியது. அதனால் சுப்புத்தாய் புருஷனைத் தன் மார்பில் சாய்த்து உட்கார வைத்து, கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவன் கை சட்டைப் பையைத் தட்டித் தட்டிக் காட்டியது. உள்ளே மாத்திரை டப்பா இருந்தது.

"காலையிலதான குடுத்தேன். இன்னும் வேணுமா?"

அவன் கண்ணை மூடித் திறந்தான். அவள் ஒரு மாத்திரையை நகத்தால் நுணுக்கி, நாக்குக்குப் பக்கத்தில் கிடைத்த சந்தில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. வெள்ளைத் தூள் எச்சிலோடு திரும்பி வழிந்தது.

வண்டியை ஓட்டி வந்த அவனுடைய அண்ணன் கருத்தக்கண்ணன் திரும்பிப் பார்த்தார். "பட்டாள மாத்திரைக்குக் கேக்காத சீக்கும் உண்டாத்தா? இந்நேரம் வத்தியிருக்கணுமே."

அந்த மாத்திரைமேல் காமயகவுண்டன்பட்டியே அப்படித்தான் நம்பிக்கை வைத்திருந்தது. மொக்கைச்சாமி பர்மாச் சண்டையில் லாரி ஓட்டியவன். தொடையில் இரும்புச் சில்லு ஏறி, காலையே எடுத்துவிட வேண்டியதுதான் என்று இருந்த நேரத்தில், புண்ணுக்குள் வெள்ளைப் பொடியைக் கொட்டி, வாயில் இந்த மாத்திரையைப் போட்டுக் காப்பாற்றினார்கள். சண்டை முடிந்து வரும்போது ஒரு பெரிய டப்பா நிறைய வாங்கிக்கொண்டு வந்தான். அடுத்த வீட்டுப் பஞ்சம்மாளின் மகள் நெஞ்சில் சளி கட்டி, கண் செருகிக் கிடந்தபோது முதல் தடவையாக டப்பாவைத் திறந்தான். மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது. அதற்குப் பிறகு தெருவே வந்தது. தொண்டை வலி, காது வலி, ஈறு வீக்கம், எதுவானாலும் ஒன்று, இல்லாவிட்டால் பாதி. யாரையும் இல்லை என்று திருப்பி அனுப்ப அவனுக்குத் தெரியாது. அவனுக்கே ஒரு கடைவாய்ப் பல் சொத்தை. வலி எடுத்தால் பாதி போட்டுக்கொள்வான். வலி நின்றதும் மறந்துவிட்டு, கொடிக்காலுக்கு வெற்றிலை கிள்ளப் போய்விடுவான்.

இந்தத் தடவை வலி நிற்கவில்லை.

கம்பத்து டாக்டர் சங்கரலிங்கமும் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். ஆளைப் பார்த்ததுமே நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதை எப்படிச் சாப்பிடுவார்?"

"பல்லு வலிச்சா பாதி போடுவாகய்யா. வலி விட்டுருச்சுன்னா நிப்பாட்டிருவாக."

"ரொம்ப நாளாவா?"

"பட்டாளத்துல இருந்து வந்ததுல இருந்து."

டாக்டர் டப்பாவை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். தாடைக்குக் கீழே மரத்துப் போக ஊசி போட்டுக் கீறினார். சீழ் பொங்கி வரும் என்று சுப்புத்தாய் எதிர்பார்த்தாள். கறுத்த நீர் கொஞ்சம்தான் கசிந்தது. அறை முழுக்க நாறியது. ஒரு கம்பி முனையில் அதைத் தொட்டு, சிறு கண்ணாடிக் குழாய்க்குள் விட்டுப் பஞ்சால் அடைத்து வைத்தார்.

"புதுசா ஒரு ஊசி மதுரை வரைக்கும் வந்திருக்குன்னு கேள்வி," என்றார் கருத்தக்கண்ணனிடம். "தந்தி குடுக்கச் சொல்லியிருக்கேன். அது வர்ற வரைக்கும் மூச்சு ஓடணும். குரல்வளையில ஒரு ஓட்டை போட்டுப் பாக்குறேன். வெந்நீர் கொதிக்கட்டும்."

வெந்நீர் கொதிப்பதற்குள் மொக்கைச்சாமி சுப்புத்தாயின் மணிக்கட்டைப் பிடித்தான். வாயைத் திறந்து என்னமோ சொல்ல வந்தான். பர்மாக் காட்டையும் குண்டு மழையையும் இரவெல்லாம் கதையாகச் சொன்ன வாய் அது. ஒரு சொல்லும் உருவாகவில்லை. மூச்சு உள்ளே போகும்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை. டாக்டர் கத்தியோடு ஓடி வந்தபோது அவன் தலை அவள் தோளில் கனத்திருந்தது.

"குண்டு பட்டவன்யா," என்றார் கருத்தக்கண்ணன், யாரிடம் என்றில்லாமல். "ஒரு பல்லுலயா போவான்?"

பொழுது இறங்குமுன் உடலை ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மறுநாள் எரித்தார்கள்.

கருமாதியன்று வந்த பஞ்சம்மாள் கட்டிப்பிடித்து அழுதாள். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தினாள். "மக தொண்டை வலிக்குதுங்கறா ஆத்தா. அந்த மாத்திரை பாதி இருந்தாக் குடேன்."

கொடுத்தால் என்ன என்றுதான் முதலில் சுப்புத்தாய்க்குத் தோன்றியது. அவன் இருந்திருந்தால் கேட்டு முடிப்பதற்குள் எடுத்துக் கொடுத்திருப்பான். ஆனால் நாக்கோரம் வழிந்த வெள்ளைத் தூள் கண்ணுக்குள் நின்றது. "டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத் தாறேன்க்கா," என்றாள். பஞ்சம்மாளின் முகம் சுருங்கிப் போயிற்று.

கருமாதி முடிந்த மறுநாள், வீரபாண்டியில் இருந்து அவளுடைய அண்ணன் நல்லகண்ணு கூட்டிப்போக வந்தார். கம்பத்தில் பஸ் ஏறுமுன் டாக்டர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். "இந்தக் கோலத்துல எதுக்காத்தா அங்கன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டுக் கூட வந்தார்.

அவள் டப்பாவை மேசைமேல் வைத்தாள். "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குத் தொண்டை வலின்னு கேக்குறாகய்யா. குடுக்கலாமா, வேணாமா? முன்னால அந்தப் பிள்ளையைப் பொழைக்க வச்ச மாத்திரை, இவுகளுக்கு ஏன் கேக்கல?"

டாக்டர் அலமாரியைத் திறந்து, ஒரு மரச்சட்டத்தில் நின்ற குழாய்களை எடுத்து வந்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது வேற ஒருத்தர் வாயில எடுத்தது. இதே மருந்து போடாதது கிருமி பெருகிக் கலங்கியிருக்கு. மருந்து போட்டது எப்படி இருக்கு பாருங்க."

ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது.

"இது ரெண்டும் உங்க வீட்டுக்காரர் வாயில எடுத்தது. இதுல மருந்து இல்ல. இதுல இருக்கு."

இரண்டும் கழுநீராகக் கலங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியவில்லை.

ஒரு சொட்டை எடுத்துக் கண்ணாடித் துண்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பின் அடியில் செருகினார். "ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்கம்மா."

முதலில் அவளுடைய இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு வெளிச்சத்தில் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள், யாரோ பாசிமணிகளைக் கோத்துக் கோத்து எறிந்தது போலச் சரம் சரமாக மிதந்தன. சில நீளம். சில இரண்டு மணிதான். எல்லாம் ஒரு நடுக்கத்தோடு அசைந்தபடி இருந்தன. கண்ணாடியை டாக்டர் லேசாக நகர்த்த நகர்த்த, சரங்கள் வந்துகொண்டே இருந்தன; அதற்கு முடிவே இல்லை. வீரபாண்டித் திருவிழாக் கூட்டத்தைக் கோபுர உச்சியில் இருந்து பார்த்தாலும் இத்தனை இருக்காது.

"இம்புட்டும் உசிரா?"

"உசிருதான். எல்லார் வாயிலயும் இருக்குறதுதான். பல்லு வழியாக் கீழ இறங்கிட்டா ஆளை முடிச்சிரும். பாதி மாத்திரை போட்டா நோஞ்சான் சாகும்; தாங்குனது பொழைச்சுக்கிரும். அது போடுற குட்டியும் தாங்கும். மறுபடி பாதி போட்டா அதே கதை. கடைசியில மருந்துக்குள்ளயே குடும்பம் நடத்தும்."

அவள் கண்ணை எடுக்கவில்லை. "அவுகளை எரிச்சுப் பதினாறும் முடிஞ்சிருச்சேய்யா."

"இதுக பெருகிக்கிட்டுத்தான் இருக்கு. செத்துப் போகாம அப்பப்பக் கறிச்சாறு மாத்தி ஊத்துறேன். மதுரையில பெரிய டாக்டர்களுக்குக் காட்டணும்."

"கறிச்சாறா?" என்றாள். "அவுகளுக்கும் அதுதான் பிடிக்கும்."

நல்லகண்ணு வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் டப்பாவை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். "இனி யாருக்கும் வேணாம். அந்தப் பிள்ளையை இங்கன கூட்டியாரச் சொல்லுங்க, நான் பாக்குறேன்." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "நீங்களும் மாத்திரை போட்டிருக்கீங்களா?"

"ஈறு வீங்குனப்ப. அவுக கடிச்சுட்டு மிச்சத்தை எனக்குத் தருவாக."

"அப்ப உங்க வாயிலயும் இதே இருக்கும்மா. புருஷன் பொண்டாட்டின்னா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துதான் இருக்கும். பயப்படாதீங்க, அது பாட்டுக்குக் கெடக்கும். பல்லை மட்டும் சொத்தையாக விட்றாதீங்க."

பஞ்சம்மாள் மகளைக் கூட்டிவரச் சொல்லி, ஊர்ப்பக்கம் போன ஒரு வண்டிக்காரரிடம் நல்லகண்ணு சொல்லி அனுப்பினார். பஸ்ஸில் அவர் என்னென்னவோ பேசினார். சுப்புத்தாய் உதட்டை இறுக மூடி, உள்ளே நாக்கால் ஒவ்வொரு பல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தாள்.

வீரபாண்டியில் இறங்கியதும், "ஆத்துல மூஞ்சி கழுவி, வாயக் கொப்புளிச்சுட்டு வா. ரெண்டு வாய் சோறு திங்கலாம்," என்றார் நல்லகண்ணு.

தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து முகத்தைக் கழுவினாள். ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் ஊற்றினாள். கன்னம் இரண்டும் உப்ப, கொப்புளிக்காமல் அப்படியே நின்றாள். தண்ணீரின் குளிர்ச்சி போய், வாயின் சூடு அதில் ஏறியது.

"என்னாத்தா நிக்கிற? துப்பிட்டு வா," என்றார் கரையில் இருந்து.

சுப்புத்தாய் அந்தத் தண்ணீரை விழுங்கிவிட்டுக் கரையேறினாள்.