பம்பர் மட்டும் வளைந்தது

1
இந்தக் கதை கட்டுரையாகத்தான் தொடங்கியது. பழங்காலக் காரையும் இன்றைய சின்னக் காரையும் ஒப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொல்லி பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். 'பழையது இரும்பு, புதியது வெறும் தகர டப்பா' என்று ஆரம்பித்தேன்.

[அந்த வரியை அடித்துவிட்டேன். அது பெரியவர் சொன்னது. அவர் இப்போது இல்லை.]

2
பெரியவரும் சின்னவரும் சகலைகள். அக்கா தங்கையைக் கட்டியவர்கள். சின்னவர் என் பக்கத்து வீட்டுக்காரர். நடந்ததையெல்லாம் சொன்னவர் அவர்தான்.

"தம்பி, உங்க வண்டிக் கதவைச் சாத்தினா காலி டப்பாவ மூடற மாதிரி இருக்கு" என்பார் பெரியவர்.

"உங்க வண்டில சீட் பெல்ட்டே கிடையாதேண்ணே?"

"இந்த வண்டியே ஒரு பெல்ட்டுதான்."

[பெரியவரைத் திமிர் பிடித்தவராக்கினால் எனக்கு வேலை சுலபம். ஆனால் சின்னவரின் மகளுக்குக் காய்ச்சல் என்றால், கொட்டுகிற மழையில் அந்தக் காரைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு வந்து நிற்கிற மனுஷன் அவர்.]

3
மாமனார் வீடு மாறினார். சாமான்களை இறக்கிவிட்டு இருவரும் முன்னும் பின்னுமாகத் திரும்பினார்கள். முன்னால் சின்னவர். ஒரு லாரி குறுக்கே வந்தது. சின்னவர் பிரேக்கை மிதித்ததும் அவர் கார் நின்றுவிட்டது. பின்னால் வந்த பழைய கார் நிற்கவில்லை.

சின்னக் காரின் பின்பாதி அப்பளமாக நொறுங்கியது. கூட்டம் அங்கேதான் ஓடியது. கண்ணாடியை உடைத்துச் சின்னவரை வெளியே இழுத்தார்கள். நெற்றியில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

[கட்டுரையாக இருந்தால் விளக்கியிருப்பேன்: புதிய வண்டி நசுங்கி, அடியைத் தானே வாங்கிக்கொள்ளும். பழைய இரும்பு அதை அப்படியே ஆளிடம் கொடுத்துவிடும்.]

பழைய காரில் பம்பர் மட்டும் வளைந்திருந்தது. ஸ்டியரிங்கில் மார்பு மோதிய பெரியவர் நேராக உட்கார்ந்திருந்தார். யாரோ எட்டிப் பார்த்து, "இவருக்கு ஒன்னுமில்ல" என்றார்கள்.

"மொதல்ல தம்பியப் பாருங்க" என்றார் பெரியவர்.

ஆம்புலன்ஸ் சின்னவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அது திரும்பி வருவதற்குள் பெரியவர்

[இதை என்னால் முடிக்க முடியவில்லை. உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை.]

4
பெரியவரின் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அவரை ஏன் தம்பி யாரும் பாக்கல?"

"வண்டி நல்லா இருந்துச்சுக்கா."

அதன்பின் அவர் சின்னவரோடு பேசவில்லை.

5
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அக்கா காரை உடைக்கப் போடுகிறார். இன்னொன்றில் சின்னவர் சம்மட்டியை எடுக்கிறார். இரண்டுமே பொய்.

நடந்தது இதுதான். பம்பரைத் தட்டி நிமிர்த்தினார்கள். ஒருவர் மனைவியோடு கார் வாங்க வந்தார். வண்டியைக் காட்டியவர் சின்னவர்தான். அந்தப் பெண் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, நன்றாக இருக்கிறது என்று சிரித்தாள்.

"அடிபட்ட வண்டியா சார்? பார்த்தா அப்படித் தெரியல" என்றார் வந்தவர்.

ஜன்னலுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தார்.

சின்னவர் இதுவரைதான் சொன்னார். "நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். எழுந்து போய்விட்டார். கார் இப்போது அந்த வீட்டில் இல்லை.

அவருக்காக ஒரு பதிலை என்னால் இட்டுக்கட்ட முடியாது. நீங்கள் அங்கே நின்று சொல்லிப் பாருங்கள். கொஞ்சம் மெதுவாக, அக்காவுக்குக் கேட்கும்.